நன்றியோடு காத்திருத்தல்: திருவருகைக் காலத்தை மகிழ்வுடன் வாழ ஒரு வழிகாட்டி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலிக்குச் செல்பவருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. அருள்பணியாளர் ஊதா நிறத் திருவுடையில் வருகிறார். 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. பீடத்தின் மலர் அலங்காரமும் அடக்கமாகவே இருக்கிறது. இவற்றை மட்டும் பார்த்தால் இன்னொரு தவக்காலம் தொடங்கிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் நற்செய்திக்கு முன் 'அல்லேலூயா' வழக்கம்போல ஒலிக்கிறது. தவக்காலம் முழுவதும் திருச்சபை தன் உதடுகளிலிருந்து விலக்கி வைக்கும் அந்தச் சொல், இங்கே விலக்கப்படவில்லை. வானவர் கீதம் நிறுத்தப்படுவதற்கும் துயரம் காரணமன்று. அது பெத்லகேம் இரவில் வானதூதர்கள் பாடிய பாடல் என்பதால், அந்த இரவு வரும்போது புதிதாகப் பாடுவதற்காகவே எடுத்து வைக்கப்படுகிறது. இடையில் டிசம்பர் 8ஆம் நாள் மரியாவின் அமல உற்பவப் பெருவிழா போன்ற விழாக்களில் மட்டும் அது எட்டிப் பார்க்கும்.

1969இல் வெளியான வழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிமுறைகள், இக்காலத்தைப் பக்தியும் மகிழ்ச்சியும் நிறைந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே வரையறுக்கின்றன. திருச்சபைச் சட்டமும் ஆண்டின் வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும்தான் தவ நாள்கள் என்று குறிப்பிடுகிறது; திருவருகைக் காலம் அப்பட்டியலில் இல்லை. ஆகவே மகிழ்ச்சியோடு இக்காலத்தை அணுகுவது அதன் கண்டிப்பைத் தளர்த்துவதாகாது. அது எந்த வகையான மகிழ்ச்சி என்பதில்தான் பலருக்கும் குழப்பம் ஏற்படுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவின் கொண்டாட்டத்தை நான்கு வாரங்கள் முன்னதாகவே தொடங்கிவிட்டு, 25ஆம் தேதி மாலைக்குள் களைத்துப்போவது ஒரு வழி. ஏற்கெனவே வந்தவருக்கு நன்றி சொல்லச் சொல்ல, இனி வரவிருப்பவர்மீது ஆவல் வளரும்படி விடுவது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது.

நாள்காட்டியோடு தொடங்குங்கள்

முதலில் செய்யவேண்டியது மிக எளிது: அந்த ஆண்டின் திருவருகைக் காலம் எத்தனை நாள்கள் என்று கணக்கிடுங்கள். புனித அந்திரேயாவின் திருவிழாவான நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு, அல்லது அந்நாளிலேயே வரும் ஞாயிறு, முதல் ஞாயிறாகும். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் அமையும். ஞாயிறுகள் எப்போதும் நான்குதான் என்றாலும் வாரங்கள் நான்காக அமைவது அரிது. 2022இல் கிறிஸ்து பிறப்பு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் முழுமையாக 28 நாள்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டே நான்காம் ஞாயிறு டிசம்பர் 24இல் விழுந்தது. அன்று மாலையே கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்புத் திருப்பலி நடந்தது. காலம் 22 நாள்களில் முடிந்துவிட்டது. நான்காவது வாரத்திற்கென்று ஒரு திட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அந்த ஆண்டு ஏமாந்திருப்பார்கள்.

டிசம்பர் 17ஆம் நாளில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முந்தைய நாள்களில் திருப்பலி வாசகங்களும் மன்றாட்டுகளும் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்குகின்றன. 17 முதல் 24 வரை அவருடைய பிறப்பை நேரடியாக நோக்குகின்றன. முதல் ஞாயிறன்று குழந்தை இயேசுவைப் பற்றிக் கேட்கலாம் என்று எதிர்பார்த்து வருபவர், விழிப்பாயிருங்கள் என்னும் எச்சரிக்கையைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான். இந்த இரண்டு பகுதிகளையும் அறிந்திருந்தால் வீட்டுச் செபத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு நாள்தோறும் திருப்பலி, செபமாலை, திருச்சபையின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையின் காலை மாலைச் செபங்கள், ஒரு வேளை உண்ணாநோன்பு, ஓர் ஆன்மிக நூல் என்று ஒன்பது தீர்மானங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தேன். இரண்டாம் வாரத்து வியாழக்கிழமைக்குள் அந்தத் தாளைப் பார்ப்பதே ஒரு தண்டனையாகிவிட்டது. ஒன்பதில் எட்டை அடித்துவிட்டு, இரவில் ஒரு மெழுகுவர்த்தியின் முன் ஐந்து நிமிடம் அமர்வது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆண்டவர் வருவதற்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வதிலேயே மூழ்கி, அவர் வந்து கதவைத் தட்டும்போது திறக்க நேரமில்லாமல் போவதைவிட, ஒரு நாற்காலியை மட்டும் துடைத்துவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது மேல் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

நன்றியை எங்கிருந்து எடுப்பது

நன்றியோடு இருங்கள் என்று சொல்வது எளிது. எதற்கு, எப்படி என்று சொல்வதுதான் கடினம். புனித பெர்நார்து இதற்கு ஒரு நல்ல வரைபடம் தருகிறார். ஆண்டவரின் வருகை மூன்று என்கிறார் அவர். முதல் வருகையில் அவர் நம் சதையிலும் வலுவின்மையிலும் வந்தார். இறுதி வருகையில் மாட்சியிலும் மகிமையிலும் வருவார். இவ்விரண்டுக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாமல், ஆவியிலும் ஆற்றலிலும் ஒவ்வொருவருடைய உள்ளத்திலும் வந்துகொண்டிருக்கிறார். திருப்புகழ்மாலையில் முதல் வாரம் புதன்கிழமையன்று இந்த மறையுரைப் பகுதி வாசிக்கப்படுகிறது. முதல் வருகைக்கு நன்றி சொல்கிறோம், இறுதி வருகைக்குக் காத்திருக்கிறோம். நடுவிலுள்ள வருகையைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. ஒருவருடைய அன்றாட நன்றி வற்றிப்போவது அங்கேதான்.

அதைக் கவனிக்கக் கற்பதற்கு, நாள் முடிவில் செய்யும் ஆன்ம ஆய்வைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஐந்து படிகளைத் தருகிறார். அவற்றுள் முதல் படி பாவங்களை எண்ணுவதன்று, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது. பாவங்களைக் காணும் அருளைக் கேட்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். குறைகளிலிருந்து தொடங்குபவர் சோர்விலேயே முடித்துவிடுகிறார்; கொடைகளிலிருந்து தொடங்குபவருக்குக் குறைகளும் தெளிவாகவே தெரிகின்றன, ஆனால் அன்பு செய்யப்பட்டவராக அவற்றைப் பார்க்கிறார்.

திருவருகைக் காலத்திற்கு இந்த ஆய்வை மூன்று வாக்கியங்களாகச் சுருக்கிக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியை ஏற்றியபின், முதல் வாக்கியத்தில் அன்றைய நாளில் கிடைத்த ஒரே ஒரு கொடைக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டாவதில், ஆண்டவர் வந்தும் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தைச் சொல்லுங்கள். மூன்றாவதை நீங்கள் தேட வேண்டியதில்லை. விவிலியத்தின் கடைசிப் பக்கத்திலேயே அது இருக்கிறது: 'ஆண்டவராகிய இயேசுவே, வாரும்.'

முதல் வாக்கியம் பொதுப்படையாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'என் குடும்பத்திற்காக நன்றி' என்று ஒவ்வோர் இரவும் சொன்னால் நான்காம் நாளில் அது வெறும் சொல்லாகிவிடும். 'காலையில் நான் எரிந்து விழுந்தபோதும் பதிலுக்குப் பேசாமல், என் குடையை எடுத்துவந்து கையில் கொடுத்த மகளுக்காக நன்றி' என்று சொல்லும்போது, இரண்டாம் வாக்கியமும் தானாகவே வந்து பக்கத்தில் நிற்கும். இவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைப்பது நல்லது. அந்தக் குறிப்பேடு பிறகு பயன்படும்.

நன்றியின் உச்சம் திருப்பலிதான் என்பதை நினைவூட்டத் தேவையில்லை என்றாலும், நற்கருணை என்று நாம் அழைக்கும் அருளடையாளத்தின் கிரேக்கப் பெயருக்கு 'நன்றி செலுத்துதல்' என்பதே பொருள். 'நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்' என்று அருள்பணியாளர் அழைக்கும்போது நாம் தரும் பதிலைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிடாமல், குறிப்பேட்டில் அந்த வாரம் எழுதிய ஏழு வாக்கியங்களையும் மனத்தில் ஏந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். வாரநாள் திருப்பலிக்குச் செல்ல முடியாதவருக்கு ஞாயிற்றுத் திருப்பலி எவ்வளவு கனம் கூடுகிறது என்பது அப்போது தெரியும்.

வளையமும் நான்கு சுடர்களும்

திருவருகைக் கால வளையம் மிகப் பழைய கத்தோலிக்க மரபு என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நாம் அறிந்துள்ள வடிவம் 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், லூத்தரன் திருச்சபையின் போதகரான யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்பவரால் தொடங்கப்பட்டது. தாம் நடத்திவந்த இல்லத்தின் ஏழைக் குழந்தைகள், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின்மேல் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பொறுமையில்லாத குழந்தைகளுக்காகப் பிறந்த வழக்கம் அது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் வீடுகளிலும் அதை அப்படியே பயன்படுத்தலாம்.

வளையத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்திகள் இருக்கும். நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளையே போதும். ஊதா நாடாவைச் சுற்றிக்கொள்ளலாம். வட்டமாக அமைந்த பசுமை இலைகள் முடிவற்ற வாழ்வைக் குறிப்பதாகச் சொல்வார்கள். விளக்கங்களைவிட முக்கியமானது அதை ஏற்றும் முறை. வீட்டிலுள்ள மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். முதல் வாரத்தில் ஒரே ஒரு சுடர்தான். எதிரில் இருப்பவரின் முகம்கூடப் பாதிதான் தெரியும். மேசையின் மறுமுனை இருட்டில் கிடக்கும். அந்த இருட்டைச் சற்று நேரம் அப்படியே இருக்க விடுங்கள். காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று எசாயா சொல்வதை விளக்குகள் எல்லாம் எரியும் அறையில் வாசித்தால் அது ஒரு செய்தியாக மட்டுமே இருக்கும்.

நான்காம் ஞாயிறு வரும்போது இன்னொன்றையும் காணலாம். முதலில் ஏற்றிய மெழுகுவர்த்தி ஏறக்குறைய அடிவரை கரைந்திருக்கும். அடுத்தது அதைவிடச் சற்று உயரம். மூன்றாவது இன்னும் சற்று உயரம். நான்காவது புதிதாக நிற்கும். அது ஒரு படிக்கட்டு போலத் தெரியும். குட்டையாகிப்போனதை மாற்றிப் புதிதாக வைக்கவேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். காத்திருந்த நாள்கள் எவ்வளவு என்பதற்கு வீட்டில் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்.

மகிழ்ச்சி ஞாயிறு

மூன்றாம் ஞாயிறன்று ரோஜா நிறச் சுடர் ஏற்றப்படுகிறது. அருள்பணியாளரும் அந்த நிறத் திருவுடை அணியலாம். அன்றைய வருகைப் பாடல் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொற்களிலிருந்து வருகிறது: 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்.' இதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டில் அன்று வாசிக்கப்படும் நற்செய்தியில், சிறையிலிருக்கும் திருமுழுக்கு யோவான், வரவிருப்பவர் நீர்தாமா அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று கேட்டு ஆளனுப்புகிறார். மகிழ்ச்சி ஞாயிற்றின் முதன்மையான குரல்களில் இரண்டு சிறைக்குள்ளிருந்து வருகின்றன. அவற்றுள் ஒன்று ஐயத்தோடு கேட்கிறது. சூழ்நிலை சரியானால்தான் மகிழ முடியும் என்று எண்ணுபவர்கள் இந்த ஞாயிற்றின் வாசகங்களை மெதுவாக, இருமுறை வாசிக்க வேண்டும்.

அச்சுழற்சியின் மூன்றாம் ஆண்டில் இந்த ஞாயிறு வேறொரு வாசலைத் திறக்கிறது. நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் மக்களிடம், இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்கிறார் யோவான். அவர் மிகப் பெரிதாக எதையும் கேட்கவில்லை. வரி தண்டுபவரிடம் தொழிலை விடச் சொல்லவில்லை. மிகுதியாகத் தண்டாதீர்கள் என்கிறார். நன்றி கையளவில் இறங்கிவரும் இடம் இதுவே. இந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்தில் அலமாரியைத் திறந்து, இரண்டாவது அங்கியை எடுத்துவையுங்கள். கிழிந்ததை எடுக்காதீர்கள், நீங்கள் இன்னும் உடுத்தக்கூடியதை எடுங்கள்.

மகிழ முடியாதவர்களுக்கு

அன்பானவர் ஒருவரை அந்த ஆண்டில் இழந்தவருக்கும், நோயோடு போராடுபவருக்கும் 'மகிழுங்கள்' என்னும் கட்டளை கல்லைப்போல விழலாம். அவர்கள் திருமுழுக்கு யோவானின் தந்தையான செக்கரியாவைத் துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும். மகன் பிறப்பான் என்ற நற்செய்தியைக் கேட்டும் நம்ப முடியாமல்போன அவர், அம்மகனுக்குப் பெயரிடும் நாள்வரை பேச முடியாதவராகவே இருந்தார். அந்த மாதங்களில் அவர் வீட்டை விட்டு விரட்டப்படவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியும் திரும்பப் பெறப்படவில்லை. வாக்குறுதி அவருடைய மௌனத்தின் அருகிலேயே அவர் மனைவி எலிசபெத்தின் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. நாவு கட்டவிழ்ந்ததும் அவர் பேசிய முதல் சொல் கடவுளைப் புகழ்வதாக இருந்தது என்கிறார் லூக்கா.

ஆகவே மூன்று வாக்கியங்களையும் சொல்ல முடியாத இரவில் மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு அமர்ந்திருங்கள். குடும்பத்தில் மற்றவர்கள் நன்றி சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். திருச்சபை செபிக்கும் முறையே அதுதான்: ஒருவர் நா தளரும்போது மற்றவர்கள் அந்த வரியைத் தொடர்கிறார்கள்.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர் 24 மாலைவரை தள்ளிப்போடாமல், மூன்றாம் ஞாயிற்றுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். ஆன்ம ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொடையாகப் பெற்ற எவற்றையெல்லாம் என் உரிமை என்று கருதி நடந்துகொண்டேன்? பல பாவங்களின் வேர் இந்த ஒரு கேள்வியில் பிடிபடும்.

டிசம்பர் 17 முதல்

நீங்கள் போட்டுவைத்த கோட்டைத் தாண்டியதும் நடை மாறுகிறது. அன்றிலிருந்து நற்செய்தி வாசகங்கள் ஒரு தொடர்கதையைப்போல வருகின்றன: 17இல் மத்தேயுவின் தலைமுறை அட்டவணை, 18இல் யோசேப்பின் கனவு, 19இல் செக்கரியாவுக்கு வந்த செய்தி, 20இல் மரியாவுக்கு வந்த செய்தி, 21இல் எலிசபெத்தோடு சந்திப்பு, 22இல் மரியாவின் பாடல், 23இல் யோவானின் பிறப்பு, 24 காலையில் செக்கரியாவின் பாடல். இடையில் ஞாயிறு வந்தால் அந்த நாளில் மட்டும் ஞாயிற்றின் வாசகம் இடம்பெறும். குடும்பமாக வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இந்த எட்டு நாள்களையும் விட்டுவிடாதீர்கள். யோவான் தாயின் வயிற்றில் மகிழ்ச்சியால் துள்ளியதும், தன் தாழ்நிலையைக் கண்ணோக்கியவருக்கு மரியா நன்றிப்பா பாடியதும் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் வருகின்றன. மகிழ்ச்சியும் நன்றியும் அங்கே ஒரே வீட்டிற்குள் சந்திக்கின்றன.

இந்நாள்களின் மாலைச் செபத்தில், மரியாவின் பாடலுக்கு முன் ஏழு பழமையான முன்மொழிகள் நாளுக்கு ஒன்றாக 23 வரை பாடப்படுகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் தளிரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று ஒவ்வொன்றும் ஆண்டவரை ஒரு பெயரால் அழைத்து, வாரும் என்று மன்றாடுகிறது. இலத்தீனில் அப்பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் 'ஏரோ க்ராஸ்', அதாவது 'நாளை நான் இருப்பேன்' என்று வரும். ஏழு நாள்களாக நாம் கூப்பிட்டதற்கு அவர் தரும் பதில் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அந்த ஒரு பெயரை மட்டும் எழுதி வளையத்தின் அருகில் வைக்கலாம்; குழந்தைகள் இந்தப் புதிரை மிகவும் விரும்புவார்கள்.

17ஆம் நாளின் தலைமுறை அட்டவணை பலருக்குச் சலிப்பூட்டுகிறது. அதை நன்றியின் பயிற்சியாக மாற்ற ஒரு வழி உண்டு. மத்தேயு பதினான்கு பதினான்காக மூன்று அடுக்குகளில் பெயர்களை அடுக்குகிறார். நல்ல அரசர்களுக்கு நடுவே மோசமான அரசர்களும், தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரும் வருகிறார்கள். யாரையும் அவர் மறைக்கவில்லை. அன்றிரவு நீங்களும் ஓர் அட்டவணை எழுதுங்கள். அதில் உங்கள் இரத்த உறவின் வரிசையை எழுத வேண்டாம், நம்பிக்கை உங்களிடம் வந்து சேர்ந்த வழியை எழுதுங்கள். சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தவர், திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக நின்றவர், ஒரு கடினமான ஆண்டில் உங்களைத் திருப்பலிக்கு அழைத்துச் சென்றவர், ஒருமுறை உங்களை மன்னித்தவர், உங்கள் நம்பிக்கையைக் கேள்வி கேட்டு அதை ஆழப்படுத்தியவர் என்று நினைவுக்கு வரும் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். இறந்தவர்களுக்காக ஒரு மன்றாட்டும், உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ அந்த வாரத்திற்குள் போகட்டும். விழா நாளில் எல்லாருக்கும் ஒரே வாழ்த்துச் செய்தியை அனுப்புவது இதற்கு ஈடாகாது.

குடிலையும் இந்த வாரத்திலேயே அமைக்கலாம். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து, அந்த இரவை மக்கள் கண்ணால் காணும்படி செய்தார். தீவனத் தொட்டியை 24 இரவுவரை வெறுமையாக விடுங்கள். குறிப்பேட்டில் எழுதிய ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு வைக்கோலை அதில் இடும்படி குழந்தைகளிடம் சொன்னால், நாள்கள் செல்லச் செல்ல அது நிரம்புவதை அவர்களே கவனிப்பார்கள்.

24ஆம் நாள் மாலையில் வேலைகள் நெருக்கும். அப்போதும் திருப்பலிக்குப் புறப்படுவதற்கு முன் ஐந்து நிமிடம் வளையத்தைச் சுற்றி அமருங்கள். நான்கு மெழுகுவர்த்திகளையும் கடைசியாக ஒருமுறை ஏற்றுங்கள். கோவிலில் வானவர் கீதம் தொடங்கும்போது அது ஏன் இத்தனை நாள் எடுத்து வைக்கப்பட்டிருந்தது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. வீடு திரும்பியதும் குழந்தை இயேசுவின் உருவத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு, குறிப்பேட்டை வீட்டின் இளையவரிடம் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முழுவதும் வாசித்து முடிக்க அன்றிரவு நேரம் இருக்காது. மீதியை வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை கிறிஸ்து பிறப்புக் காலம் நீள்கிறது.